சிரிப்பு என்று பெயரிடப்பட்ட பிள்ளை



நம்முடைய வீடுகளில் அன்றாடம் நடைபெறும் சில காரியங்களைச் சற்றே நின்று கவனித்தால், மனிதன் பகுத்தறிவுள்ள படைப்பு என்னும் கூற்றில் நமக்கே ஐயம் எழும். சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்பதற்காக அதனைப் பத்து நிமிடம் முன்னதாக வைத்திருப்போம். அது பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொருவரும் அதைப் பார்த்தவுடன் மனத்துக்குள் பத்தைக் கழித்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது என்று நிம்மதியாக அமர்ந்துகொள்கிறோம். நம்மைப் பிடிக்க நாமே ஒரு கண்ணியை வைத்து, அதிலிருந்து தப்பும் வழியையும் நாமே கண்டுபிடித்து, வழக்கமாகத் தாமதிக்கும் அதே அளவுக்குத் தாமதமாக ஆலயத்துக்கு வந்து சேருகிறோம்.

மேசை இழுப்பறையில் கிடக்கும் சாவிகளைப் பற்றியும் எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றிரண்டாவது எந்தப் பூட்டுக்கும் உரியவையல்ல. அவை எங்கிருந்து வந்தன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அவற்றை எறிந்துவிட ஒருவருக்கும் மனம் வராது. என்றாவது ஒருநாள் அந்தச் சாவிக்குரிய பூட்டு நம்மைத் தேடிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறோம். இதற்கு மாறாக, மிக முக்கியமான பத்திரத்தை மிகப் பத்திரமான இடத்தில் வைக்கிறோம். அந்த இடம் அவ்வளவு பத்திரமானதாக அமைந்துவிடுவதால், வைத்தவராலும் அதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. கண்ட இடத்தில் போட்ட பழைய பால் ரசீதோ தேடாமலே கைக்குக் கிடைக்கிறது.

ஆலயத்துக்குள்ளும் இந்த விந்தைகளுக்குக் குறைவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரசங்க பீடத்திலிருந்து சபையை நோக்கி நிற்கிற எனக்கு இதனைக் காணும் சிலாக்கியம் சற்று அதிகம். பேருந்தில் முன்னிருக்கைக்காகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களும், கலியாண வீட்டில் முதற்பந்திக்கு முந்துகிறவர்களும், ஆலயத்துக்குள் நுழைந்தவுடன் அதிசயமான தாழ்மையை அடைந்து கடைசி இருக்கையை நாடுகிறார்கள். போதகர்களுக்கும் தனித்த வழக்கம் ஒன்று உண்டு. "இறுதியாக" என்று ஒரு போதகர் சொல்லும்போது சபையார் வேதாகமத்தை மூடுவதில்லை. அந்தச் சொல்லுக்கு முடிவு என்பது பொருளல்ல, இடையில் இளைப்பாறும் சத்திரம் என்பதே பொருள் என்று அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒரு தியானக் கட்டுரையில் எழுதலாமா என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அந்தக் கேள்வி புதிதன்று. ஜெர்மானிய தேசங்களில், உயிர்த்தெழுதல் திருநாளன்று போதகர்கள் வேடிக்கைக் கதைகளைச் சொல்லிச் சபையாரைச் சிரிக்க வைக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. மரணம் ஏமாந்துபோன நாளில் சிரிக்காமல் வேறு எந்நாளில் சிரிப்பது என்பது அவ்வழக்கத்தின் உட்பொருள். பிற்காலத்தில் பாசெல் நகரின் சீர்திருத்தத் தலைவராக விளங்கிய ஒக்கோலம்பாடியுஸ், 1518-ஆம் ஆண்டில் அந்த வழக்கத்தை எதிர்த்து ஒரு நிருபத்தையே எழுதி வெளியிட்டார். நகைச்சுவை எல்லை மீறி, பீடத்துக்குத் தகாத விகடங்களாக மாறிப்போனதே அதற்குக் காரணம். சிரிப்பை வரவேற்றவர்களும் சபையில் இருந்தார்கள், அஞ்சியவர்களும் இருந்தார்கள். இரு சாராரிடமும் நியாயம் இருந்தது.

நம் தமிழ்நாட்டைப் பொறுத்தவரையில், இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஒரு குருவானவரே. 1680-இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைக் குருவாக இங்கே வந்து, தமிழைத் தம் மொழியாகவே ஆக்கிக்கொண்ட வீரமாமுனிவரைப் பற்றிச் சொல்லுகிறேன். யோசேப்பின் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமாகப் பாடியவரும், சதுரகராதியைத் தொகுத்தவரும் அவரே. அத்தகைய பேரறிஞர், தமிழில் தோன்றிய வேடிக்கை நூல்களுள் தலைசிறந்த ஒன்றாகிய பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும், அவர்களுக்கு எவ்விதத்திலும் குறையாத ஒரு குருவும் அதில் வருகிறார்கள். 1822-இல் பாபிங்டன் என்பவர் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். நம் பாட்டிமார் வாயிலாகவும் பள்ளிப் புத்தகங்கள் வாயிலாகவும் இக்கதைகளை நாமெல்லாரும் அறிவோம்.

குரு ஒருவரே குருவைக் கேலிப்பொருளாக்கி எழுதினார் என்பதை மட்டும் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர் எய்த அம்பு முதலில் அவர் நின்ற இடத்திலேயே வந்து விழுகிறது.

அந்நூலில் வரும் ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு. குரு ஒரு கிழட்டுக் குதிரையின்மேல் செல்லுகிறார். மரக்கிளை தட்டித் தலைப்பாகை கீழே விழுகிறது. எடுக்கச் சொல்லிக் கட்டளை இல்லாததால் சீடர்கள் எடுக்கவில்லை. எது விழுந்தாலும் எடுக்க வேண்டுமென்று குரு கடிந்துகொள்ளுகிறார். உடனே குதிரை போட்ட சாணத்தைப் பக்தியோடு எடுத்துக் கொண்டுவருகிறார்கள். வெறுத்துப்போன குரு, எவை எவை விழுந்தால் எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். சற்று தூரம் சென்றபின் குதிரை இடறி, குருவே குழியில் விழுந்துவிடுகிறார். தூக்கிவிடும்படி அவர் கதறுகிறார். சீடர்களோ ஓலையை எடுத்து மறுபடியும் மறுபடியும் வாசிக்கிறார்கள். குருவின் பெயர் அதில் இல்லை. ஓலையில் இல்லாததை எடுப்பது கட்டளை மீறுதல் ஆகாதோ? முடிவில் அவர் விழுந்து கிடந்தபடியே தம்மையும் அந்தப் பட்டியலில் சேர்த்து எழுதிக்கொடுத்த பிறகே அவரைத் தூக்குகிறார்கள்.

சிறுவயதில் இதைக் கேட்டு நான் விலா நோகச் சிரித்தேன். இப்போதும் சிரிக்கிறேன். ஆனால் சிரித்து முடிந்தபின் ஒரு முள் உள்ளே தங்கிவிடுகிறது. விழுந்து கிடக்கிற ஒருவரைக் கண்டபின்னும், அவர் நம் சபையின் பதிவேட்டில் உள்ளவரா, சந்தா செலுத்தியிருக்கிறாரா, எந்த வட்டத்தைச் சேர்ந்தவர் என்று ஓலையைப் புரட்டுகிற சீடர்கள் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மறைந்துவிடவில்லை. ஓலை தாளாயிற்று, தாள் கைப்பேசியாயிற்று, அவ்வளவுதான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போனவர்களிடமும் ஏதோ ஓர் ஓலை இருந்திருக்க வேண்டும்.

ஆற்றைக் கடந்தபின் ஆட்களை எண்ணிப் பார்க்கும் கதையையும் நீங்கள் அறிவீர்கள். எண்ணுகிறவன் மற்ற எல்லாரையும் எண்ணித் தன்னை மட்டும் விட்டுவிடுகிறான். ஆறு பேரில் ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அனைவரும் கூடி அழுகிறார்கள். இதே அமைப்பில் நம் ஆண்டவரும் ஒரு சித்திரத்தைத் தீட்டினார். தன் கண்ணில் வீட்டின் உத்திரத்தையே தாங்கிக்கொண்டிருக்கிற ஒருவன், சகோதரனுடைய கண்ணிலுள்ள துரும்பை எடுத்துவிடுகிறேன் என்று நெருங்கி வருகிறான். அந்த உத்திரம் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் தலையிலெல்லாம் இடிப்பதை மனக்கண்ணால் காணுங்கள். கலிலேயாவின் தச்சுப் பட்டறையை அறிந்திருந்த அந்த ஜனங்கள் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. மற்றவர்களை எண்ணுவதில் தேர்ந்தவர்களாகிய நாம், நம்மையும் சேர்த்து எண்ணக் கற்றுக்கொள்வதற்குச் சிரிப்பைப் போல் நல்ல உபாத்தியாயர் வேறில்லை.

வேதாகமம் முழுவதும் கருகருவென்ற அட்டைக்குள் இருப்பதால், அதில் வேடிக்கை இராது என்று எண்ணிவிடுகிறோம். அப்போஸ்தலருடைய நடபடிகளின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பேதுரு சிறையில் இருக்கிறார். மாற்கு என்னப்பட்ட யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டில் சபையார் கூடி ஊக்கமாய் ஜெபிக்கிறார்கள். தேவதூதன் பேதுருவை விடுவிக்கிறான். இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு நேரே ஜெப வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்னும் பெண் அவருடைய சத்தத்தை அறிந்து, சந்தோஷ மிகுதியால் கதவைத் திறக்க மறந்து, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடுகிறாள். பேதுரு வந்திருக்கிறார் என்று சொல்லுகிறாள். அவருக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்த அந்த விசுவாசிகளோ, உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்கிறார்கள். அவள் விடாமல் சாதிக்கவே, அது அவருடைய தூதனாயிருக்கும் என்கிறார்கள். சிறைச்சாலையின் கதவு பேதுருவுக்குத் திறந்தது, ஜெபக்கூட்டத்தின் கதவு திறக்கவில்லை. ஜெபத்துக்குப் பதில் வந்து வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஜெபம் தடைப்பட்டுவிட்டதே என்று நாம் வருந்துகிறோம். இருபதாம் அதிகாரத்திலோ, பவுல் நடுராத்திரிவரைக்கும் பிரசங்கம் பண்ணியதால் ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுகிறான். தேவ கிருபையால் அவன் உயிர் பிழைத்தான். அதற்குப்பின் பவுல் சுருக்கமாக முடித்துக்கொண்டார் என்று எண்ணாதீர்கள். விடியற்காலம்வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்! நம் சபையில் நீண்ட பிரசங்கத்தைப் பற்றிக் குறைகூறுகிறவர்களுக்கு நான் இந்த அதிகாரத்தைத் தாழ்மையோடு சிபாரிசு செய்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் ஊற்றாக ஆதியாகமத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நூறு வயதை நெருங்கிய ஆபிரகாமுக்குப் பிள்ளை பிறக்கும் என்ற வாக்கு வந்தபோது, அவர் முகங்குப்புற விழுந்து நகைத்தார். தொண்ணூறு வயதை நெருங்கிய சாராளும் கூடாரவாசலில் ஒட்டுக்கேட்டுத் தன் உள்ளத்தில் நகைத்தாள். பிறகு பயந்து, நான் நகைக்கவில்லை என்றாள். நகைத்தாய் என்று கர்த்தர் சொன்னார். சர்வ லோகத்தையும் நியாயந்தீர்க்கிறவர் ஒரு கிழவியோடு, சிரித்தாய், சிரிக்கவில்லை என்று வாதாடுகிற காட்சி இது. அந்த நகைப்புக்காக அவர் வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயரிடும்படி முன்னமே சொல்லியிருந்தார். எபிரெய மொழியில் அதற்குச் சிரிக்கிறான் என்று பொருள். நடக்கவே நடக்காது என்று சிரித்த சிரிப்பு, நடந்துவிட்டதே என்று சிரிக்கும் சிரிப்பாக அந்த வீட்டில் தவழ்ந்து விளையாடியது.

ஆயினும் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய ஓரிடம் உண்டு. அதே வீட்டில், ஈசாக்கு பால் மறந்த விருந்தின்போது, ஆகாரின் மகனாகிய இஸ்மவேல் பரியாசம்பண்ணுகிறதைச் சாராள் கண்டாள். அதன் விளைவாக ஒரு தாயும் பிள்ளையும் வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே பரியாசம் என்பதற்கு மூலமொழியில் வருகிற வினைச்சொல்லும், ஈசாக்கின் பெயரிலுள்ள வினைச்சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஒரே வேர்தான். ஒரு கிளையில் ஆசீர்வாதம் காய்க்கிறது, மறு கிளையில் குடும்பம் பிரிகிறது. நம் வீட்டு விருந்துகளிலும் இந்த இரண்டு சிரிப்புகளும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. ஒரு பெண்பிள்ளையின் நிறத்தைப் பற்றியும், ஒரு பையனின் மதிப்பெண்ணைப் பற்றியும், வேலை இழந்த மருமகனைப் பற்றியும் சொல்லப்படும் வேடிக்கைகளுக்கு எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த ஒருவர் மட்டும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளுகிறார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது, வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டவருக்குத் தண்ணீர் ஆகாது. சிரிப்பு எந்த வேரிலிருந்து வந்தது என்று ஆராய வேண்டாம். அது முடிந்தபின் யார் பந்தியில் இன்னும் மனநிறைவோடு அமர்ந்திருக்கிறார்கள், யார் எழுந்து போய்விட்டார்கள் என்று பார்த்தால் போதும்.

நல்ல சிரிப்பு எப்படிப்பட்டது என்பதை, மனைவியை இழந்த ஒரு பெரியவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். ஊரையும் பேரையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இணைந்து வாழ்ந்தவர்கள். அடக்க ஆராதனை முடிந்து, உறவினர்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பி, ஐந்தாம் நாள் காலையில் அவர் முதன்முறையாக அந்த வீட்டில் தனியே எழுந்தார். தமக்குத்தாமே காப்பி போட்டுக்கொள்ள அடுக்களைக்குள் போனார். நம் தமிழ் வீடுகளின் அடுக்களை எத்தகையது என்று உங்களுக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸ் ஒருபோதும் இராது, துவரம்பருப்பு இருக்கும். பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இராது, ஊசியும் நூலும் இருக்கும். 'சீனி' என்று எழுதியிருந்த டப்பாவை அவர் திறந்தார். ரவை இருந்தது. 'ரவை' என்றிருந்ததில் கடுகு இருந்தது. ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டே போனார். எல்லா அலமாரியையும் தேடி முடித்து, கடைசியாக மேல்தட்டின் மூலையில் 'உப்பு' என்று அம்மையாரின் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்த டப்பாவை எடுத்துத் திறந்தார். அதில் சீனி இருந்தது.

அவர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. மனைவி அறியாமல் சீனி டப்பாவைத் தேடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. வீட்டில் சீனியே வாங்குவதில்லை என்று அம்மையார் சாதித்து வந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பால் மட்டும் எப்படி இனிக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த டப்பாவைக் கையில் பிடித்தபடி, யாருமில்லாத அடுக்களையில் நின்று, அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தம் குரலைத் தாமே கேட்டுத் திடுக்கிட்டு, உடனே அழுதுவிட்டார். அன்று மாலையே என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, அவள் போய் இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. நான் சிரித்துவிட்டேன். இது அவளுக்குச் செய்த துரோகம் அல்லவா?" என்று கேட்டார். பிள்ளையைப் போல உதடு நடுங்கியது.

துக்க வீட்டுக்குரிய வசனங்கள் பல எனக்கு மனப்பாடம். அன்று அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. "சிரித்தபோது என்ன நினைத்தீர்கள், அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "போன பிறகும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாளே என்று நினைத்தேன், ஐயா" என்றார். மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்த முறை இருவரும் சேர்ந்தே சிரித்தோம். இருவரும் சேர்ந்தே கண்களையும் துடைத்துக்கொண்டோம்.

அது துரோகம் அல்ல என்று அவருக்குச் சொன்னேன். அன்பு தவறான பெயர்ச்சீட்டை ஒட்டிக்கொண்டு மேல்தட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தது. அதை அவர் அன்று காலையில்தான் திறந்து பார்த்தார். திறந்தவுடன் சிரிப்பு வந்தது இயல்பே. அழ ஒரு காலமும் நகைக்க ஒரு காலமும் உண்டு என்று பிரசங்கி எழுதினார். அவ்விரு காலங்களும் ஒரே அடுக்களையில், ஒரே நிமிடத்தில், ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு வந்து நிற்பதும் உண்டு. அந்த டப்பாவின் சீட்டை அவர் இன்றுவரை மாற்றவில்லை. காப்பியில் சீனியும் போட்டுக்கொள்வதில்லை. அம்மையாருடைய கட்டளையை, அவர்கள் உயிரோடிருந்த காலத்தைவிட இப்போது நன்றாகக் கைக்கொள்ளுகிறார்.

அன்பானவர்களே, உங்களில் சிலருடைய வீடுகளில் நெடுநாளாகச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை என்பதை நான் அறிவேன். வியாதி, கடன், பேசாமலிருக்கும் பிள்ளைகள், நிரப்ப முடியாத வெற்று நாற்காலி என்று காரணங்கள் பல உண்டு. சிரியுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. சாராளும் ஒரே நாளில் சிரித்துவிடவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் காத்திருந்தாள். என் வேண்டுகோள் சிறியது. சிரிப்பு என்றாவது ஒருநாள் எதிர்பாராத மூலையிலிருந்து வந்து கதவைத் தட்டினால், அது பைத்தியம் என்றும் பாவம் என்றும் சொல்லி அதனை வாசலில் நிறுத்திவிடாதீர்கள். ரோதையைப்போல் உள்ளே ஓடிவிடாமல், கதவைத் திறந்து வரவேற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஜெபத்துக்கு வந்த பதிலாகவும் அது இருக்கலாம்.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, பிறரை எண்ணும்போது எங்களையும் சேர்த்து எண்ணக் கற்றுத்தாரும். எங்கள் பந்தியில் ஒருவரையும் அழவைக்காத சிரிப்பை எங்கள் நாவுக்குத் தாரும். துக்கித்திருக்கிற உம்முடைய பிள்ளைகளின் வீட்டில், அவர்கள் தேடாத டப்பாவுக்குள் கொஞ்சம் இனிப்பை ஒளித்துவையும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.